யார் சொன்னது? – பாப்பாரப்பட்டிக் கள ஆய்வை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

'நம்பகமான ஆதாரம்' என்ற சொற்றொடர் நமது ஆய்வுச் சூழலில் ஒரு மந்திரம் போல உச்சரிக்கப்படுகிறது. யாருக்கு நம்பகமானது, எந்தக் கேள்விக்கு நம்பகமானது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. சர்க்கார் முத்திரை இருந்தால் நம்பலாம். அச்சில் வந்திருந்தால் நம்பலாம். ஊர்ப் பெரிய மனிதர் சொன்னால் அடிக்குறிப்பில் சேர்க்கலாம். மற்றதெல்லாம் 'செவிவழிச் செய்தி' – இப்படி ஒரு வருணப் படிநிலை ஆதாரங்களுக்குள்ளும் நிலவுகிறது. நானும் நெடுங்காலம் இந்த அடுக்கை ஏற்றுக்கொண்டவன்தான். அது எனக்கு எங்கே உடைந்தது, உடைந்தபோது நான் எதை இழந்திருந்தேன் என்பதைச் சொல்வதன் வழியாகவே பண்புசார் ஆய்வில் ஆதாரங்களைத் தெரிவுசெய்வது குறித்து இங்கே பேச முடியுமென்று தோன்றுகிறது.

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி, சுப்பிரமணிய சிவா தமது கடைசி ஆண்டுகளைக் கழித்த ஊர். 1884 அக்டோபர் 4-இல் வத்தலக்குண்டில் பிறந்தவர், 1908-இல் வ.உ.சி.யோடு கைதாகித் தண்டிக்கப்பட்டவர். சிறைவாசத்தில் தொழுநோய் பற்றியவர். பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்ப விரும்பினார். 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்புமுன் 1925 ஜூலை 23-இல் அதே ஊரில் சிவா காலமானார். நினைவு மண்டபம் பிற்பாடு வந்தது.

2009-இல், ஒரு பல்கலைக்கழகத்தின் சிறு நிதியுதவியுடன், இந்த ஊரின் நினைவில் சிவா எப்படி வாழ்கிறார் என்று ஆராயப் புறப்பட்டேன். நான் பக்கத்து ஊர்க்காரன், பள்ளி ஆசிரியன். தகவலாளிகளைப் பதிவுசெய்ய ஒரு படிவம் தந்திருந்தார்கள். பெயர், வயது, கல்வித் தகுதி, வகித்த பதவி, 'சமூகத்தில் மதிப்பு' என்று கட்டங்கள். அந்தக் கடைசிக் கட்டத்தை நான் கேள்வியே கேட்காமல் பூர்த்தி செய்துகொண்டு போனேன் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

2

முதலில் ஆவணங்கள். பாப்பாரப்பட்டியைப் பற்றி ஆவணக்காப்பகத்தில் தேடப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2-இல்தான் பிறந்தது என்பது. சிவாவின் காலத்தில் இது சேலம் ஜில்லா. தருமபுரி என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதாலேயே 'ஆவணம் இல்லை' என்று எழுதிவிடும் அபாயமும் உண்டு. ஆதாரம் இல்லாமையும் தேடத் தெரியாமையும் வேறு வேறு.

சேலம் ஜில்லாக் கோப்புகளையும், போலீஸ் இலாகாவின் குறிப்புகளையும், பத்திரிகைகளின் வாராந்தரச் சுருக்கங்களையும் புரட்டும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. 1908-இல் தூத்துக்குடியில் சிவா பேசிய பேச்சுகள் நமக்கு எப்படிக் கிடைக்கின்றன? கூட்டத்தில் நின்ற போலீஸ்காரர்கள் எழுதிய குறிப்புகளின் வழியாக. அவரைத் தண்டிப்பதற்கு எது வேண்டுமோ அதைக் கேட்கும் காதுகள் அவை. அந்தக் குறிப்புகளே வழக்கில் சான்றாயின. நீதிபதி பின்ஹே பத்தாண்டு நாடுகடத்தல் விதித்தார், மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது. ஆக, சிவாவின் குரல் என்று நாம் மேற்கோள் காட்டுவதில் ஒரு பகுதி அவரைச் சிறைக்கு அனுப்பிய பேனாவின் எழுத்து.

பத்திரிகைச் சுருக்கங்களின் கதையும் இதுதான். சென்னை அரசின் மொழிபெயர்ப்பாளர் தமிழ்ப் பத்திரிகைகளை வாரந்தோறும் படித்து, அரசுக்கு 'ஆட்சேபகரமானது' என்று பட்டதை ஆங்கிலத்தில் சுருக்கித் தந்தார். பல பத்திரிகைகளின் இதழ்கள் இன்று இல்லை, சுருக்கம்தான் இருக்கிறது. அதை நாம் மறுபடி தமிழாக்கி 'அக்காலப் பத்திரிகை எழுதியது' என்கிறோம். தமிழ் இங்கிலீஷாகி, இங்கிலீஷ் மறுபடி தமிழாகி வந்திருக்கிறது. இடையில் ஓர் அரசின் பயம் உட்கார்ந்திருக்கிறது.

இதனால் அரசு ஆவணங்களைத் தூக்கி எறிந்துவிட வேண்டுமா? ரணஜித் குஹா 1983-இல் எழுதிய கட்டுரையில், கலகங்களைப் பற்றிய அரசுப் பதிவுகள் கலகத்தை அடக்கும் மொழியிலேயே எழுதப்பட்டவை என்பதையும், பின்னால் வரும் வரலாற்றாசிரியர்கள் தம்மையறியாமலே அம்மொழியைச் சுமந்து வருவதையும் காட்டினார். ஆனால் அதே பதிவுகளை எதிர்த்திசையில் வாசித்துத்தான் அவரும் விவசாயிகளின் கிளர்ச்சிகளை எழுதினார். கார்லோ கின்ஸ்பர்க்கும் சமய விசாரணை மன்றத்தின் பதிவுகளிலிருந்துதான் பதினாறாம் நூற்றாண்டின் ஓர் இத்தாலிய மாவுமில்காரரின் பிரபஞ்சக் கற்பனையை மீட்டெடுத்தார். போலீஸ் குறிப்பு சிவா சரியாக என்ன சொன்னார் என்பதற்குப் பலவீனமான ஆதாரம். அரசு எதைக் கண்டு அஞ்சியது என்பதற்கு மிக உறுதியான ஆதாரம். காகிதம் ஒன்றே, கேள்வியை மாற்றினால் அதன் நம்பகத்தன்மையும் மாறுகிறது.

3

அடுத்து அச்சுப் பிரதிகள். சிவாவைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு செய்தி: தொழுநோய் காரணமாக அவர் ரயிலில் போக அரசு தடைவிதித்தது, அதனால் கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போனார் என்பது. பத்து நூல்களில் இதைப் பார்த்தேன். பத்து நூல்கள் சொல்கின்றன, எனவே உறுதி என்று என் குறிப்பேட்டிலும் எழுதிவைத்தேன்.

பிறகு அந்தப் பத்தையும் வரிசையாக வைத்து வாசித்தபோது வாக்கியங்கள் ஒரே அச்சில் வார்த்தவைபோல இருந்தன. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது. பத்து வாயல்ல, ஒரு வாயின் பத்து எதிரொலி. இது நமது எழுத்துச் சூழலில் சர்வசாதாரணம். ஆண்டு விழா மலரிலிருந்து பாடப் புத்தகத்துக்கும், பாடப் புத்தகத்திலிருந்து மேடைக்கும், மேடையிலிருந்து அடுத்த மலருக்கும் செய்தி சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அதன்மேல் கொஞ்சம் உறுதி ஏறும்.

எனவே சட்டத்தையே எடுத்துப் பார்ப்பது என்று முடிவுசெய்தேன். 1898-ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டம், அறிவிக்கப்பட்ட பகுதிகளில் நோயாளிகள் வாடகை வண்டிகளில் ஏறுவதைத் தடைசெய்ய அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. ஆச்சரியம் என்னவென்றால், ரயில் பெட்டியை அது அந்தத் தடையிலிருந்து விலக்கி வைத்திருந்தது. ரயில் விஷயம் வேறொரு சட்டத்தில் இருக்கிறது: 1890-ஆம் ஆண்டு ரயில்வேச் சட்டம், தொற்று நோயுள்ளவர்களை நிபந்தனைகளுக்கு உட்பட்டே ஏற்றலாம், ஏற்றியே தீர வேண்டுமென்ற கட்டாயம் ரயில் நிர்வாகத்துக்கு இல்லை என்றது. அதாவது சிவா என்ற தேசியவாதியைக் குறிவைத்துத் தனி உத்தரவு ஏதும் இல்லாமலேயே, ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் அவரை ஏற்ற மறுத்திருக்க முடியும்.

இந்த வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். அப்படியல்ல. 'அரசு அவரைத் தடுத்தது' என்று எழுதும்போது அது வெள்ளையனின் கொடுமை, தியாகியின் கதை. சட்டத்தின் வழியே வாசிக்கும்போது, பெயரற்ற எத்தனையோ நோயாளிகள் அதே வண்டியிலிருந்து இறக்கிவிடப்பட்டிருப்பார்கள் என்பது தெரிகிறது. தேசியப் பெருங்கதையாடல் ஒருவரைத் தூக்கிக்கொண்டு மற்றவர்களைப் பிளாட்பாரத்தில் விட்டுவிடுகிறது. சட்டத்தில் இன்னொரு விவரமும் கண்ணில் பட்டது. விலக்கிவைக்கப்பட்ட பொதுக் கிணறுகளிலும் குளங்களிலும் நோயாளிகள் குளிப்பதோடு துணி துவைப்பதையும் அது குறிப்பிடுகிறது. அந்த வார்த்தையை அப்போது சாதாரணமாகத் தாண்டிப் போய்விட்டேன்.

4

இனி வாய்மொழி. வாய்மொழி என்றாலே 'மண்ணின் குரல்', அச்சு தீண்டாத தூய நினைவு என்று ஒரு புனிதப்படுத்தல் நம்மிடம் உண்டு. பாப்பாரப்பட்டியில் அது முதல் வாரத்திலேயே கலைந்துபோனது. சிவாவின் தோற்றத்தையும் பேச்சையும் நேரில் பார்த்தவர் போல ஒரு பெரியவர் விவரித்தார். மூக்கு முழி எல்லாம் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு ஏற்கனவே தெரிந்த முகமாக இருந்தது. 1961-இல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் சிவாவாக நடித்த டி.கே. சண்முகத்தின் முகம் அது. பெரியவர் பொய் சொல்லவில்லை. அவருடைய ஞாபகத்தில் படம்தான் ஊர்ச் செய்திக்கு உருவம் கொடுத்திருக்கிறது. ஜூலை 23-ஆம், அக்டோபர் 4-ஆம் தேதிகளின் கூட்டங்களில் ஆண்டுதோறும் கேட்ட பேச்சுகளும் அதில் சேர்ந்துகொண்டிருக்கின்றன.

பிறகு வண்டிக் கதை. மூன்று வீடுகளில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று பேர், தங்கள் தாத்தாதான் சிவாவுக்கு வண்டி ஓட்டியவர் என்றார்கள். "எங்க தாத்தாதான் சார் மாடு பூட்டுவாரு. வேற ஆளு கிட்டவே போவ மாட்டாங்கோ" என்றார் ஒருவர். மற்ற இருவரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்கள். என் முதல் எதிர்வினை, மூன்றில் எது உண்மை என்று கண்டுபிடிப்பது. வயதை ஒப்பிட்டேன், நிலப் பத்திரம் கேட்டேன், ஒரு துப்பறிவாளனைப்போல அலைந்தேன்.

இந்த இடத்தில் அலெஸாந்த்ரோ போர்ட்டெல்லியின் ஆய்வு எனக்குக் கைகொடுத்தது. இத்தாலியின் தெர்னி நகரத்தில் லூயிஜி த்ரஸ்துல்லி என்ற இளம் எஃகுத் தொழிலாளி 1949 மார்ச்சில், நேட்டோவில் சேர்வதை எதிர்த்த ஆர்ப்பாட்டத்தில் போலீஸால் கொல்லப்பட்டார். ஆனால் அந்நகரத் தொழிலாளர்கள் பலர் அவர் 1953-இல், ஆலையில் ஆட்குறைப்பை எதிர்த்த போராட்டத்தில் இறந்ததாக நினைவுகூர்ந்தார்கள். தேதி தவறு. ஆனால் அந்தத் தவறு தற்செயலானதல்ல. தங்கள் வாழ்க்கையை உலுக்கிய போராட்டத்தோடு அந்த மரணத்தை அவர்கள் இணைத்துக்கொண்டார்கள் என்று போர்ட்டெல்லி வாசித்தார். நடந்தது என்ன என்பதை விட, நடந்தது அவர்களுக்கு என்னவாக இருந்தது என்பதை வாய்மொழி சொல்கிறது.

அப்படிப் பார்த்தால் மூன்று வண்டிக்காரர்களும் ஒரே விஷயத்துக்கு நம்பகமான சாட்சிகள். நோயாளியின் வண்டியில் ஏறியவன் என்பது 1920-களில் ஒரு குடும்பத்துக்குப் பெருமையாக இருந்திருக்காது. தியாகி ஆனபிறகு அந்த நெருக்கம் சொத்தாக மாறிவிட்டது. மூன்று வீடு அதற்குப் பங்கு கேட்கிறது. ஆனால் ஓர் எல்லை உண்டு: வண்டி ஓட்டியதாகச் சொல்ல மூன்று பேர் இருக்கிறார்கள், புண்ணைக் கழுவியதாக, துணி துவைத்ததாகச் சொல்ல ஒருவரும் இல்லை. என் ஒலிப்பதிவுகள் முழுக்க அந்த மௌனம் இருந்தது. அது மௌனம் என்றுகூட நான் கண்டுகொள்ளவில்லை.

5

உண்மையில் ஒருவர் சொன்னார். நான்தான் பதியவில்லை.

ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் திண்ணையில் பேட்டி நடந்துகொண்டிருந்தது. வாசலோரம் எண்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆயா உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டுக்குத் தலைமுறையாகத் துணி வெளுத்த ஏகாலிக் குடும்பம். நான் கேட்ட கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தவர், யாரும் கூப்பிடாமலே பேச ஆரம்பித்தார். "எங்கம்மாதான் அவரு துணியெல்லாம் தனியா வெள்ளாவி வெச்சி வெளுத்துக் குடுக்கும் சாமி. பெருவியாதிக்காரரு துணின்னு மத்த ஊட்டுத் துணியோட சேக்க மாட்டாங்க. கையில ஒட்டிக்கும்னு எங்கப்பன் திட்டும். அம்மா கேக்காது."

எந்த வருஷம் என்றேன். "காந்தி செத்தப்பன்னு நெனக்கிறேன். நான் அப்ப பொறக்கவே இல்ல."

காந்தி இறந்தது 1948. சிவா இறந்தது 1925. ஆயா 1948-இல் இருபது வயதுப் பெண்ணாக இருந்திருப்பார். ஒரே மூச்சில் இரண்டு முரண். திண்ணைக்காரர் சிரித்தபடி, "அது எதையாவது பேசும் சார், நீங்க எழுதிக்காதீங்க" என்றார். நான் ரிக்கார்டரை அணைத்தேன். படிவத்தில் அவருக்கென்று கட்டமும் இல்லை: கல்வி இல்லை, பதவி இல்லை, 'சமூகத்தில் மதிப்பு' இல்லை. இருபத்து மூன்று தகவலாளிகளின் பட்டியலோடு அறிக்கையைக் கொடுத்தேன். எல்லோரும் ஆண்கள். படத்தைப் பார்த்து முகம் சொன்ன பெரியவர் அதில் முதல் பெயர்.

இப்போது நிதானமாக யோசித்தால், தேதி தவறியது சிவாவின் மரணத்தைக் காந்தியின் மரணத்தோடு இணைத்ததால் இருக்கலாம். இது தெர்னித் தொழிலாளர்கள் செய்ததே. போர்ட்டெல்லியை நான் மூன்று வண்டிக்காரர்களுக்குப் பயன்படுத்தினேன். ஆயாவுக்குப் பயன்படுத்தத் தோன்றவில்லை. கோட்பாடு கையில் இருந்தும் யாருக்கு அதைச் செலவழிப்பது என்பதை ஊரின் அதிகார வரைபடமே தீர்மானித்தது.

மேலும், ஆயா சொன்னதில் தேதியைத் தவிர மற்றதெல்லாம் அனுபவத்தின் விவரம்: தனியாக வெள்ளாவி வைப்பது, மற்ற துணியோடு சேர்க்காதது, வீட்டுக்குள் வந்த சண்டை. தாயிடமிருந்து மகளுக்கு வந்த செய்தி. இடையில் ஒரு கைதான். எந்த மேடையிலும் யாரும் பேசாத செய்தி, எனவே மேடையிலிருந்து வந்திருக்க வழியில்லை. சொன்னதால் அவருக்கு எந்த லாபமும் இல்லை. இவற்றை வைத்து அது நடந்தது என்று நான் நிறுவிவிட முடியாது. ஆனால் நோயாளியின் துணியை யாரோ ஒருவர் துவைத்தே இருக்க வேண்டும். சட்டமே அதைப் பற்றிப் பேசியிருக்கிறது. எனது இருபத்து மூன்று பேரில் ஒருவர்கூட எழுப்பாத கேள்வியை எழுப்பியவர் அவர் ஒருவரே.

6

'இதெல்லாம் நுணுக்கமான ஆய்வுச் சங்கடம். யாருக்கு என்ன நஷ்டம்?' என்று கேட்கலாம். இதே மாவட்டத்தின் அரூர்ப் பக்கத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்தியை நினைத்துக்கொள்வோம். 1992 ஜூன் 20-இல் சந்தனக்கட்டைத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். ஊர் சூறையாடப்பட்டது. அரசுத் தரப்பு மறுத்தது. முத்திரையும் கையெழுத்தும் கொண்ட காகிதங்கள் ஒருபக்கம். படிப்பில்லாத பழங்குடிப் பெண்களின் வாய்மொழி இன்னொரு பக்கம். 1995-இல் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் விசாரணை மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போனது. 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

காகிதத்தை மட்டுமே நம்பி 1992-இல் யாராவது ஆய்வு எழுதியிருந்தால், அடிக்குறிப்புகள் எல்லாம் சரியாக இருந்திருக்கும், ஆய்வு பொய்யாக இருந்திருக்கும். 'மதிப்புள்ளவர் சொன்னால் நம்பலாம்' என்ற விதி யாரைக் காப்பாற்றுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. தீர்ப்பு வந்த வாரத்தில்தான் எனக்கு அந்த ஆயாவின் ஞாபகம் வந்தது. இரண்டையும் சமமாக்கிப் பேசவில்லை. ஆனால் ஒரு கிழவியின் பேச்சைக் கேட்டதும் என் விரல் ரிக்கார்டரின் பொத்தானுக்குப் போனதே, அந்த விரலுக்குப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

7

பண்புசார் ஆய்வுக்கான நம்பகத்தன்மை பற்றி லிங்கனும் கூபாவும் 1985-இல் எழுதிய நூல் பல வழிகளைச் சொல்கிறது: களத்தில் நீண்டநாள் இருத்தல், பலமுனைச் சரிபார்ப்பு, எழுதியதைச் சொன்னவரிடமே திரும்பக் காட்டுதல், எடுத்த முடிவுகளுக்குத் தடம் விட்டுவைத்தல். நல்ல வழிகள்தான். ஆனால் ஒரே சாதி, ஒரே தெரு, ஒரே பால் சார்ந்த மூன்று பேரைக் கேட்டுவிட்டுப் பலமுனை என்று சொல்லிக்கொள்ள முடியாது. எனவே இப்போது என்னிடம் வரும் மாணவர்களிடம் இப்படிச் சொல்கிறேன்.

ஒன்று, ஆதாரம் நல்லதா கெட்டதா என்று கேட்காதே. எந்தக் கேள்விக்கு நல்லது என்று கேள். இரண்டு, ஆதாரங்களை எண்ணாதே, அவற்றின் பிறப்பிடங்களை எண்ணு. பத்துப் புத்தகம் ஒரு வாயாக இருக்கலாம். மூன்று, சொல்பவருக்கு அது எப்படித் தெரியும், அவருக்கும் நிகழ்வுக்கும் இடையே எத்தனை கைகள், சொல்வதால் அவருக்கு வருவது லாபமா நஷ்டமா என்று பார். நான்கு, தவறான தேதியோடு வரும் செய்தியைத் தேதியோடு சேர்த்துத் தூக்கி எறியாதே; இரண்டையும் தனித்தனியாக எடைபோடு. ஐந்து, எல்லாரும் பேசும் விஷயத்தில் யாரும் பேசாதது எது என்று குறித்துக்கொள். ஆறு, நீ ஒதுக்கிய ஆதாரங்களின் பட்டியலையும், ஏன் ஒதுக்கினாய் என்ற காரணத்தையும் அறிக்கையோடு சேர். கடைசியானதுதான் முக்கியம். நான் அதைச் செய்திருந்தால், 'கல்வித் தகுதி இல்லை' என்று கையால் எழுதும்போதாவது கை கூசியிருக்கும்.

2011 கடைசியில் ஆயாவைத் தேடிப் போனேன். அடையாளம் கண்டுகொண்டார். பதிவுசெய்யலாமா என்று கேட்டேன்.

"அன்னிக்கே சொன்னேனே சாமி. நீதான் பொட்டிய மூடிட்ட."

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பதிவுக்குச் சம்மதிக்கவும் இல்லை. "இப்ப எதுக்கு? நாங்க தொட்டு வெளுத்தோம்னு பேச்சு வந்தா, எம்பேரன் இஸ்திரி வண்டி தள்றான், அவன் பொழப்புக்கு ஆவாது. பேரப் போடாத. ஊட்டச் சொல்லாத. வெளுத்தது வெளுத்ததுதான்னு வேணா எழுதிக்க."

ஒரு நூற்றாண்டு ஆகப்போகும் நிலையிலும் அந்தத் துணியைத் தொட்டதைச் சொன்னால் வாடிக்கை போய்விடும் என்று ஒரு குடும்பம் அஞ்சியது. வண்டி ஓட்டிய பெருமைக்கு மூன்று வீடு போட்டி போட்ட அதே ஊரில். சிவாவின் நினைவு பற்றிய என் அறிக்கைக்கு மையமாக இருந்திருக்க வேண்டிய செய்தி இது. ஒலிப்பதிவு இல்லை, தேதி தவறு, பெயர் சொல்ல முடியாது. சாட்சி என்று சொல்ல என்னுடைய ஞாபகம் மட்டுமே இருக்கிறது. மேலே சொன்ன விதிகளின்படி அதையும் நீங்கள் சந்தேகித்துத்தான் வாசிக்க வேண்டும். அவர் எழுதச் சொன்ன ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதிவிட்டேன்.